பீரங்கியும் புத்தகமும்

கடிதத்துக்குப் பூட்டுப் போடும் கம்ப்யூட்டர் புரோகிராமை, அமெரிக்கச் சட்டம் ஒரு காலத்தில் பீரங்கி, வெடிகுண்டுகளோடு சேர்த்து வைத்திருந்தது! அனுமதியில்லாமல் கடல் தாண்டக் கூடாது.

பில் ஸிம்மர்மன் என்பவர் 1991-இல் 'பி.ஜி.பி.' என்ற புரோகிராமை எழுதி இனாமாகவே வெளியிட்டார். இதில் ஆளுக்கு இரண்டு சாவி. ஒன்றை ஊரெல்லாம் கொடுக்கலாம். அதனால் பூட்டத்தான் முடியும். திறக்கிற சாவி நம் மடியை விட்டு நகராது. நடுவில் தபாலைப் பிரிப்பவருக்குக் கிடைப்பது வெறும் எழுத்துக் குப்பை.

புரோகிராம் எப்படியோ வெளிநாடு போய்விட்டது. வந்தது வினை! அணுகுண்டை எதிர்த்து மறியல் செய்து கைதானவர் மேல் ஆயுத ஏற்றுமதிச் சந்தேகம்! 1993-இல் தொடங்கிய விசாரணை ஏறக்குறைய மூன்று வருஷம் தலைக்கு மேல் தொங்கியது. சிறைவாசம்கூட நேர்ந்திருக்கலாம்.

இதற்கு நடுவில்தான் வேடிக்கை. 1995-இல் எம்.ஐ.டி. பிரசுராலயம் அந்தப் புரோகிராம் முழுவதையும் புத்தகமாக அச்சிட்டு விற்றது. பிளாப்பியில் இருந்தால் ஆயுதம். காகிதத்தில் இருந்தால் புத்தகம்! புத்தகத்தில் கை வைக்க எந்த அமெரிக்க அதிகாரி துணிவார்?

1996 ஜனவரியில் வழக்கே தொடராமல் விசாரணையைக் கைவிட்டார்கள். மறு வருஷம் புதிய பதிப்பும் புத்தகமாகவே ஐரோப்பா போயிற்று. அங்கே தொண்டர்கள் பக்கம் பக்கமாகக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, பிழை திருத்தி, மறுபடி புரோகிராமாக்கினார்கள். சட்டம் தளர்ந்தது 2000-இல்தான்.