மலையும் திருப்பலியும்

நம் திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகப் பேருந்தேறினால் திண்டிவனம். தமிழகக் கத்தோலிக்கரின் விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் அங்கேதான் இருக்கிறது. 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இந்நிலையத்தின் வெளியீடு.

ஆனால் 1960களின் தொடக்கம் வரை கத்தோலிக்கரின் திருப்பலி வழிபாடு லத்தீனில்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் அவரவர் மொழிக்குக் கதவு திறந்தது. கதவு திறந்தால் போதுமா? சொல் தேட வேண்டும், சடங்கு வகுக்க வேண்டும். ஜெர்மன் மொழியினருக்கு அதற்கென டிரியர் நகரில் 1947 முதலே ஒரு நிறுவனம் உண்டு. இந்தியாவுக்கான தேசிய நிலையத்தை 1967இல் பெங்களூரில் தொடங்கியவர் தமிழரான அருட்தந்தை அமலோர்பவதாஸ். 1969இல் இந்தியத் திருப்பலிக்கான 12 மாற்றங்களை ரோம் ஏற்றது. தரையில் அமர்தல், கைகூப்பி வணங்கல், எண்ணெய் விளக்கு, ஆரத்தி எல்லாம் அப்படி வந்தவைதான்.

அந்த முயற்சிகளில் பங்கெடுத்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சுத் துறவி அபிஷிக்தானந்தர். ரமண மகரிஷியைத் தரிசித்தவர். 1950களில் இதே அண்ணாமலையின் குகைகளில் மௌனமாகத் தங்கியிருந்தவர்!