ஷட்டரோடு செல்போனையும் இறக்குங்கள்!



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலைகள் இரவு பகலாக ஓடுகின்றன. இயந்திரம் நிற்பதில்லை, ஆனால் ஷிப்டு முடிந்ததும் ஆள் மாறிவிடுகிறார். அவர்களுக்கு அரிசி பருப்பு விற்கும் நம் மளிகைக் கடைகளில்தான் ஆள் மாறுவதே இல்லை. காலை ஷிப்டுக்குப் போகிறவருக்காக விடியுமுன் திறக்கிறோம். பிற்பகல் ஷிப்டு முடிந்து வருகிறவருக்காக இரவில் காத்திருக்கிறோம். திருவள்ளூரில் அமாவாசை என்றால் வீரராகவர் கோயில் கூட்டம் வேறு. முதல்நாளே தூக்கம் போய்விடும்.

உழைப்பு நமக்குப் பெருமைதான். அளவு மீறினால் அதுவும் ஒரு போதையே. காலை 6 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு அடைப்பவர், மதியம் 2 மணி நேரம் ஓய்வெடுத்தாலும், வாரத்துக்கு 98 மணி நேரம் உழைக்கிறார். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம்.

முன்பு கடையை அடைத்தால் வியாபாரமும் அன்றைக்கு முடிந்தது. இன்று வாட்ஸ்அப் ஆர்டரும், மொத்த விலை நிலவரமும், 'பணம் வந்ததா?' என்ற கவலையும் சாப்பாட்டுத் தட்டு வரை வருகின்றன. பிள்ளை பேச வந்தால் 'இரு, இரு' என்கிறோம். நள்ளிரவில் விலையைப் பார்ப்பதால் பருப்பு விலை இறங்கிவிடாது.

செய்யக் கூடியவை:

1. கடைக்கு ஒரு எண், வீட்டுக்கு ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள். கடை அடைத்ததும் கடை எண்ணை அணைத்துவிடுங்கள்.

2. 'ஆர்டர் இரவு 8 மணி வரை' என எழுதி ஒட்டுங்கள். வாட்ஸ்அப் பிசினஸிலும் கடை நேரத்தைப் பதிந்து வையுங்கள்.

3. பணம் வந்ததை ஒலிப்பெட்டி சொல்லும்போது, ஒவ்வொரு தடவையும் போனை எடுக்க வேண்டாம். இரவு ஒரே முறை கணக்குப் பாருங்கள்.

4. வாரம் அரை நாள் கல்லாவை நம்பிக்கையானவரிடம் விடுங்கள். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஊழியருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை தருகிறது. முதலாளிக்கு அவரேதான் தந்துகொள்ள வேண்டும்.

"நான் அடைத்தால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடுமே!" என்ற பயம் நியாயமானது. அதனால்தான் இதைத் தனியாகச் செய்ய முடியாது. தெருவாரியாகப் பேசிச் செய்ய வேண்டும். மே 5 வணிகர் தினத்தன்று ஒற்றுமையாக அடைக்கிறோம். மறுநாள் வாடிக்கையாளர் வராமலா போகிறார்? அதே ஒற்றுமை ஞாயிறு பிற்பகலுக்கும் வரட்டும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். கடையின் முதலீடு பணம் மட்டுமல்ல, முதலாளியின் உடம்பும்தான். நம் தெருவில் எந்த நேரத்தில் அடைப்பது? அடுத்த சங்கக் கூட்டத்திலேயே பேசி முடிவெடுப்போம்.