சுவர் ஈரத்துக்குக் காரணம் யார்? பக்கத்து வீடும் ஒரு துப்பறியும் கதையும்



வீட்டு வரி ரசீதை எல்லோரும் பத்திரமா டிரங்குப் பெட்டியில வைச்சிருப்போம். அதை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரிக்குக் கீழே நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு இதற்காக வாங்குகிறார்கள். வரி 200 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 20 ரூபாய். 1948-ஆம் ஆண்டு வந்த பொது நூலகச் சட்டத்தின்படி இந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. அதாவது, புத்தகத்துக்கான காசை நாம் ஏற்கெனவே கட்டிவிட்டோம். ஆனால் நம்மில் எத்தனை பேர் நூலகத்துக்குள் கால் வைத்திருக்கிறோம்?

கால் வைத்ததால் எங்கள் பகுதியில் ஒரு சங்கமே பிழைத்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்கிறோம்.

ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் புதிதாகக் குளியலறை கட்டினார். கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டுச் சுவர் அடியில் ஈரம் ஏறி, பூச்சு உதிர ஆரம்பித்தது. "உன் வீட்டுத் தண்ணிதான் என் சுவத்த அரிக்குது" என்று ஒருவர், "என் வீட்டுக்கு உறிஞ்சுகுழி இருக்கு, வந்து பாரு" என்று மற்றவர். பேச்சு நின்றது. ஒருவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். அவர் தவணை கட்டாததால் வங்கிக் கடனில் மற்ற பத்துப் பேருக்கும் சிக்கல். அடுத்த கடன் கேட்க முடியாத நிலைமை.

அந்தச் சங்கத்தில் ஒரு அக்கா கிளை நூலகத்தில் இருந்து ராஜேஷ்குமார் நாவல்களை எடுத்துப் படிப்பவர். அவர் கேட்டார்: "குளியலறை வீட்டுக்காரங்க மக பிரசவத்துக்காக ஒரு வாரம் ஜெயங்கொண்டம் போயிருந்தாங்களே, அப்ப சுவரு காய்ஞ்சுதா?" யோசித்துப் பார்த்தால், காயவில்லை! "மோட்டார் ரிப்பேருன்னு நாலு நாள் குழாய்ல தண்ணி வரலயே, அப்ப?" அப்போதுதான் காய்ந்திருந்தது. தோண்டிப் பார்த்தால் தெருக் குடிநீர்க் குழாயின் இணைப்பில் கசிவு. ஊராட்சியில் சொல்லிச் சரிசெய்தார்கள். இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். தவணையும் ஒழுங்காக வருகிறது.

துப்பறியும் கதை கற்றுத் தருவது இதைத்தான். முதலில் சந்தேகப்பட்ட ஆள் பெரும்பாலும் குற்றவாளியாக இருப்பதில்லை. சம்பவம் நடந்தபோது யார் எங்கே இருந்தார்கள் என்று கேட்காமல் பழி போடக்கூடாது.

இந்த வகைக் கதை தமிழுக்குப் புதிதல்ல. நடேச சாஸ்திரி 1894-லேயே தானவன் என்ற போலீஸ் நிபுணரை வைத்து எழுதினார். பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், சுஜாதா என்று பெரிய வரிசையே உண்டு. இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டி 1930-ல் எழுதிய நாவலில் துப்புத் துலக்குவது போலீஸ் அல்ல, மிஸ் மார்ப்பிள் என்ற கிராமத்து வயதான பெண்மணி. தோட்டத்தில் வேலை செய்துகொண்டே தெருவில் யார் வந்தார், யார் போனார் என்று கவனிப்பவர். நம் திண்ணையிலும் அப்படிப்பட்டவர்கள் இல்லையா? கவனித்ததைப் புறம் பேசினால் சண்டை. யோசித்துப் பேசினால் தீர்வு.

கதை ஒரு பக்கம் இருக்கட்டும். வீடு உள்ள ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டியவை:

1. வீட்டு வரி ரசீது மட்டும் இடம் நமக்குச் சொந்தம் என்பதற்குச் சான்று ஆகாது. பட்டா, பத்திரம் இரண்டையும் சரிபார்த்து வையுங்கள்.

2. கட்டுவதற்கு முன் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ நகராட்சியிலோ அனுமதி பெறுங்கள்.

3. எல்லையில் சந்தேகம் இருந்தால் வேலி போடுவதற்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்து அளந்துகொள்ளுங்கள். சுவர் எழும்பிய பிறகு அளந்தால் பகைதான் மிச்சம்.

4. கழிவுநீரைத் தெருவிலோ அடுத்தவர் மனையிலோ விடாமல் உறிஞ்சுகுழி அமையுங்கள்.

5. குழாய், சாக்கடை, தெருவிளக்குப் பிரச்சினைகளைக் கிராம சபையில் சொல்லுங்கள். முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடிய சபை 2022 முதல் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாம் சொன்னதைத் தீர்மானத்தில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்ட நூலகங்கள் உண்டு. பல ஊர்களில் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் இருக்கின்றன. 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளிலும் நூலகக் கட்டடங்கள் வந்தன. உங்கள் ஊரில் அது பூட்டிக் கிடந்தால், அதையும் கிராம சபையில் கேளுங்கள். நம் வரிப் பணம்தானே!

வேண்டுமானால் இப்படிச் செய்து பாருங்கள். சங்கத்தில் ஒருவர் நூலக உறுப்பினராகி ஒரு நாவல் எடுத்து வரட்டும். சேமிப்புக் கணக்கு முடிந்ததும் பத்து நிமிடம் அவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கும் ஆர்வம் வரும். ஒரே ஒரு விதி: கடைசிப் பக்கத்தை யாரும் முன்னாடியே பார்க்கக்கூடாது. குற்றவாளி யார் என்று தெரிந்துகொள்ள, அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் நேரத்துக்கு வந்துவிடுவார்கள்!