1,57,000 சூரியன்!

தினமும் ஆபீஸ் போய் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடுகிறீர்களே... அந்த ரிஜிஸ்தரைத் தூக்கிப் போய் பெர்லினில் மாட்டி, 'ஆஹா, என்ன கலை!' என்று வெள்ளைக்காரர்கள் சொக்கிப் போனால் எப்படி இருக்கும்?

கிட்டத்தட்ட அப்படி ஒன்று நடந்திருக்கிறது. ரிஜிஸ்தர் நம்ம திண்டுக்கல் மாவட்டத்துடையது. அதில் ஆஜர் கொடுத்தவர், சாட்சாத் சூரிய பகவான்!

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் பஸ் ஏறுகிறவர்கள் ஏரி, படகு, சாக்லேட் என்று சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அங்கே சுமார் 7,700 அடி உயரத்தில் சூரிய ஆய்வுக்கூடம் ஒன்று இருப்பது பலருக்கு ஞாபகமே வராது. சும்மா கட்டியதல்ல. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை ராஜதானியில் ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்து விழுந்தார்கள். 'மழை ஏன் பொய்க்கிறது? சூரியனைக் கவனித்தால் துப்பு கிடைக்குமா?' என்ற கேள்வி எழுந்தது. அதன் பலனாக 1899-ல் வந்தது இந்த ஆய்வுக்கூடம். கீழே கிணற்றில் தண்ணீர் இல்லை என்பதற்காக மேலே சூரியனைக் காவல் காத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

மழை ரகசியம் பிடிபட்டதோ இல்லையோ, பழக்கம் விடவில்லை. வானம் தெளிந்தால் ஒரு படம். இரண்டு உலகப் போர் வந்தது, வெள்ளைக்காரன் போனான், கண்ணாடித் தகடு போய் கம்ப்யூட்டர் வந்தது. படம் மட்டும் நிற்கவில்லை. 1909-ல் ஜான் எவர்ஷெட் என்பவர், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்ததும் இங்கேதான். இன்றைக்கும் விஞ்ஞானிகள் அதை 'எவர்ஷெட் விளைவு' என்றே சொல்கிறார்கள்.

இந்தக் குவியலைத் தேடி வந்தவர் ரோகிணி தேவஷேர். 1978-ல் டெல்லியில் பிறந்த ஓவியர். வானம் பார்ப்பதில் பைத்தியம். கொடைக்கானலில் சேர்ந்திருந்த 1,57,000-க்கும் மேற்பட்ட சூரியப் படங்களை வைத்து, 2023-ல் நான்கு திரைகளில் ஓடும் ஒரு வீடியோ படைப்பைச் செய்தார். பெயர், 'ஒரு லட்சம் சூரியன்கள்'. 2024-ல் டாய்ச் வங்கி அவரை 'ஆண்டின் கலைஞர்' ஆக்கியது. பெர்லின் கண்காட்சிக்கு அவர் வைத்த தலைப்பு 'கடன் வாங்கிய ஒளி'. (பேங்க் பரிசுக்குக் கடன் என்று தலைப்பு! நான் பி.காம். படித்தவன், ரசிக்காமல் இருக்க முடியுமா?)

'போட்டோவை அடுக்கினால் கலையா சார்?' என்பீர்கள். ஒரு படத்தைப் பாருங்கள்: வட்டம், நாலு கறுப்புப் புள்ளி. ஒன்றுமில்லை. இரண்டு வாரப் படங்களை வரிசையாக ஓட்டினால் புள்ளிகள் நகரும். சூரியன் சுற்றுவது தெரியும். பதினொரு வருஷத்தை ஓட்டினால் புள்ளிகள் பெருகி, குறைந்து, மறுபடி தலைகாட்டும். நூற்றிச் சொச்சம் வருஷம் என்றால்? மனுஷன் ஆயுளில் உட்கார்ந்து பார்க்க முடியாததைக் கொஞ்ச நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனானப்பட்ட காலத்துக்கே உருவம் வந்துவிடுகிறது.

அந்தப் படத்தில் விழுந்ததும் புத்தம் புது சூரியன் அல்ல. வெளிச்சம் இங்கே வந்துசேர எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. நாம் பார்ப்பதெல்லாம் பழைய சூரியன்தான்!

கைதட்டலில் சரிபாதி அந்தப் பேர் தெரியாத ஊழியர்களுக்குப் போகவேண்டும் என்பது என் கட்சி. குளிரில் எழுந்து, மேகம் விலகுமா என்று காத்திருந்து படம் எடுத்தவர்கள். தலைமுறை தலைமுறையாக இதே வேலையைப் பார்த்த குடும்பமும் உண்டு. 'கலை' என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை, மாசச் சம்பளம்தான். தினக் கணக்கு எழுதியது அவர்கள், பேலன்ஸ் ஷீட் போட்டது ரோகிணி. அவர் வந்திராவிட்டால் அது விஞ்ஞானிகளோடு நின்றிருக்கும் என்பதும் நிஜம்தான்.

இன்று காலை கொடைக்கானலில் மேகம் இல்லாமல் இருந்திருந்தால், நீங்கள் ஆபீசில் கையெழுத்துப் போட்டு ஃபேன் சுவிட்சைத் தேடுவதற்குள் அங்கே இன்னொரு சூரியன் கணக்கில் ஏறியிருக்கும்.