வீட்டுக் கணினிகளும் பெயரறியும் முறையும்

ஒரு வீட்டிலே லினக்ஸ் இயங்கும் கணினிகள் மூன்று உள்ளன என்க. அவற்றுள் ஒன்று பாடக் குறிப்புகளைச் சேமித்து வைக்கும் பழைய கணினி. வீட்டார் அதற்கு 'ஏடு' என்று உரோமன் எழுத்தில் பெயரிட்டிருக்கின்றனர். ஒரு நாள் அப்பெயரைச் சொல்லி அழைத்தால், மற்றவை 'அப்படியொரு பெயரை அறியோம்' என்கின்றன. உடனே புதிய ரூட்டர் வாங்கப் புறப்படுவோர் பலர். அது பெரும்பாலும் வீண் செலவு.

முதற்கண் அறிய வேண்டுவது, குறை வழியிலா பெயரிலா என்பதே. கணினிகள் எண் முகவரியாலேயே ஒன்றையொன்று அடைகின்றன. பெயர் மனிதர் பொருட்டு அமைந்தது. ரூட்டரின் பட்டியலில் 'ஏட்டின்' எண்ணைப் பார்த்து, 192.168.1.20 என்பது போன்ற அவ்வெண்ணுக்குப் 'பிங்' கட்டளையிடுக. மறுமொழி வருமாயின் வழி செவ்வையாக உளது.

முற்காலத்தில் ஆர்ப்பாநெட் வலையிலிருந்த கணினிகளின் பெயர்களெல்லாம் ஒரே பட்டியலில் அடங்கின. ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தார் அதைப் பேணினர். பட்டியல் பெருகவே, 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். என்னும் முறையை வகுத்தார். பழைய முறையின் எச்சம் லினக்சில் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பாக இன்றும் உளது. பெரும்பாலும் கணினி முதலில் புரட்டுவது அதனையே. என்றோ ஒருவர் எழுதி வைத்த பழைய எண் அதிலிருப்பின், ரூட்டர் புதிய எண் வழங்கிய பின்னும் கணினி பழைய எண்ணையே நாடும். 'ஏட்டுக்கு' ஒரே எண்ணை ரூட்டரில் ஒதுக்கி வைப்பதே தக்கது.

'லோக்கல்' என முடியும் பெயர்களில்தான் சிக்கல் மிகுதி. டி.என்.எஸ். வருகைப் பதிவேட்டைப் பார்ப்பது போன்றது. 'லோக்கல்' பெயரோ, வகுப்பில் பெயர் சொல்லி அழைத்து, உரியவனே 'உள்ளேன் ஐயா' என்பது போன்றது. 2013-இல் அம்முடிவு இம்முறைக்கே உரியதென விதிக்கப்பட்டது. லினக்சில் அவ்வாறு மறுமொழி கூறுவது பொதுவாக 'அவாஹி' என்னும் நிரல். அது இயங்காவிடினும், தீச்சுவர் 5353-ஆம் வாயிலை அடைத்திருப்பினும், அழைப்புக்கு விடை வாராது.

சிலர் ரூட்டரின் பதிவேட்டிலேயே 'ஏடு.லோக்கல்' என்று எழுதிவிடுகின்றனர். 'டிக்' கட்டளையால் ரூட்டரை நேரே கேட்டால் எண் கிடைக்கும். 'பிங்' கட்டளைக்கோ கிடைக்காது! யாரை எவ்வரிசையில் கேட்பதென விதிக்கும் 'என்.எஸ்.ஸ்விட்ச்' கோப்பை 'டிக்' பார்ப்பதில்லை, 'பிங்' பார்க்கிறது. அக்கோப்பு 'லோக்கல்' பெயர்களுக்குக் குரல் முறையோடு தேடலை நிறுத்திவிடக்கூடும். ஆகவே சோதிக்க உகந்தது 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' கட்டளை. பிற நிரல்கள் செல்லும் வழியிலேயே அதுவும் செல்லும். பதிவேட்டுப் பெயர்களுக்கு, வீட்டு வலைகளுக்கென 2018-இல் ஒதுக்கப்பட்ட 'ஹோம்.ஆர்ப்பா' என்னும் முடிவைக் கொள்வது நன்று.

'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பில் 127.0.0.53 என்றிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டா. அது கணினிக்குள்ளேயே இருந்து விடை தரும் 'சிஸ்டம்டி-ரிசால்வ்டு' நிரலின் முகவரி. கையால் திருத்தினால் திருத்தம் நிலைப்பதும் அரிது. உண்மையில் எந்த டி.என்.எஸ். கேட்கப்படுகிறதென்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும். எதை மாற்றினாலும், 'ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேச்சஸ்' என இட்டுப் பழைய நினைவை அழித்த பின்னரே மீண்டும் சோதிக்க.