பேட்டில் மடாலயமும் ஹேஸ்டிங்ஸ் போர்க்களமும்

பேட்டில் மடாலயம் என்பது இங்கிலாந்தின் தென்கிழக்கே, கிழக்கு சசெக்ஸ் மாவட்டத்தின் பேட்டில் என்னும் சிற்றூரில் சிதைந்து நிற்கும் கிறித்தவத் துறவியர் மடமாகும். 1066 அக்டோபர் 14 அன்று இங்கிலாந்து மன்னர் ஹெரால்டும் நார்மண்டியின் கோமகன் வில்லியமும் மோதிய ஹேஸ்டிங்ஸ் போரின் களமாகக் கருதப்படுவது இந்த இடமே. கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸ் இங்கிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 'பேட்டில்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் போர் என்பது பொருள். போர் முடிந்தபின் மடம் எழுந்தது. மடத்தைச் சுற்றி ஊர் வளர்ந்தது.

போர்

1066 சனவரியில் எட்வர்டு மன்னர் பிள்ளையின்றி இறந்தார். மறுநாளே ஹெரால்டு முடிசூடினார். அரியணை தமக்கே வாக்களிக்கப்பட்டது என்றார் வில்லியம். நார்வே மன்னரும் உரிமை கோரிப் படையெடுத்தார். செப்டம்பர் 25 அன்று வடக்கே ஸ்டாம்போர்டு பிரிட்ஜில் நார்வேப் படையை ஹெரால்டு முறியடித்தார். மூன்றே நாளில் வில்லியம் தெற்கே பெவன்சியில் கரையிறங்கினார். களைத்த படையின் ஒரு பகுதியோடு ஹெரால்டு தெற்கு நோக்கி விரைந்தார்.

இரு தரப்பிலும் 5,000 முதல் 7,000 பேர்வரை இருந்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. ஆங்கிலேயர் மேட்டின் மீது கேடயங்களை நெருக்கிப் பிடித்துச் சுவர்போல் நின்றனர். நார்மன் வில்லாளரும் காலாட்களும் குதிரைவீரரும் சரிவில் ஏறித் தாக்க வேண்டியிருந்தது. காலையில் தொடங்கிய போர் அந்தி சாயும்வரை நீடித்தது. அக்காலப் போர்களில் இது மிக நீண்டது. தோற்று ஓடுவதுபோல் நார்மன்கள் நடிக்க, துரத்தி இறங்கியவர்களால் கேடயச் சுவர் உடைந்தது. ஹெரால்டும் அவருடைய தம்பியர் இருவரும் களத்தில் மாண்டனர்.

மேட்டின் மேல் ஒரு மடம்

சிந்திய இரத்தத்துக்குப் பாவப்பரிகாரமாகவே வில்லியம் இம்மடத்தை நிறுவினார் என்பர். பிரான்சின் மார்மூத்தியே மடத்திலிருந்து வந்த துறவியர், மேட்டில் தண்ணீர் இல்லை என்று கருதிச் சற்றுக் கீழே கட்டத் தொடங்கினராம். மன்னர் சினந்து, ஹெரால்டு வீழ்ந்த இடத்திலேயே தலைமைப் பலிபீடம் அமைய வேண்டும் என்றாராம்; மற்ற மடங்களில் தண்ணீர் கிடைப்பதைவிட இங்கே திராட்சை மது தாராளமாகக் கிடைக்கச் செய்வதாகவும் வாக்களித்தாராம். ஏறத்தாழ நூறாண்டு கழித்து மடத்திலேயே எழுதப்பட்ட வரலாற்று நூல் தரும் செய்தி இது. தம் உரிமைகளைக் காக்கப் போலிச் சாசனங்கள் எழுதியவர்கள் இம்மடத்தார் என்பதால், அவர்கள் சொல்லை அப்படியே ஏற்க முடியாது.

இங்கே பெரும் புதைகுழியோ எலும்புக் குவியலோ கண்டெடுக்கப்படவில்லை. எனவே போர் அருகிலுள்ள கால்ட்பெக் குன்றில் நடந்தது என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் வில்லியம் தாம் வென்ற இடத்திலேயே மடம் எழுப்பினார் என்பதை, 1087இல் அவர் இறந்ததைப் பதிவுசெய்யும் ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பும் சொல்கிறது. மேலும், சரிவான, நீர்வசதியற்ற இந்த மேட்டைக் கட்டடத்துக்காக மட்டும் எவரும் தேர்ந்திருக்க மாட்டார்கள். கதையைவிட இந்த இடப்பொருத்தமின்மையே வலுவான சான்று.

களத்தைக் காட்டும் அதே மடம்தான் களத்தை மாற்றியும் விட்டது. கட்டடங்களுக்காக மேட்டின் உச்சி வெட்டிச் சமன்படுத்தப்பட்டது. ஆகவே மேலே நின்று பார்ப்பவருக்கு ஆங்கிலேயர் நின்ற இடத்தின் உயரம் சரியாக விளங்காது. அதை உணர்த்துவது 13ஆம் நூற்றாண்டுத் துயிற்கூடம். கூரையிழந்த இக்கூடத்தின் தளம் ஒரே மட்டத்தில் இருக்க, நிலம் தெற்கே இறங்குவதால் அடியிலுள்ள வளைவுக்கூரை அறைகள் தெற்கே போகப் போக உயர்கின்றன. தென்கோடி அறையில் அண்ணாந்து பார்த்தால் சரிவின் அளவு புரியும்.

இன்று

1094இல் அர்ப்பணிக்கப்பட்ட தேவாலயம் இப்போது இல்லை. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1538இல் இதுவும் மூடப்பட்டு, சர் அந்தோணி பிரவுனுக்கு வழங்கப்பட்டது. அவர் தேவாலயத்தை இடித்துவிட்டு, மடத்தலைவரின் இல்லத்தைத் தம் மாளிகையாக்கினார். அதில் இன்று ஒரு பள்ளி நடக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் பெரிய வாயிற்கோபுரம் ஊரின் முதன்மைத் தெருவைப் பார்த்தபடி நிற்கிறது. 1976இல் அரசு வாங்கிய இவ்விடத்தை இப்போது இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு பேணுகிறது.

பலிபீடம் இருந்த இடத்தில் ஹெரால்டின் நினைவாக ஒரு கல் பதிக்கப்பட்டுள்ளது. அன்று மாண்ட மற்றவர்களில் ஒருவருக்கும் இங்கே கல்லறை கிடையாது.

லண்டன் சாரிங் கிராஸ் நிலையத்திலிருந்து பேட்டிலுக்கு நேரடி ரயில் உண்டு. பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இடிபாடுகளை மட்டும் பார்த்துத் திரும்புவோர் பலர். நேரமிருந்தால் களத்தைச் சுற்றிச் செல்லும் நீண்ட பாதையில் பள்ளத்தாக்குவரை இறங்கிவிட்டு, நார்மன் படை வந்த திசையிலிருந்து மேடேறி வரலாம். மழை பெய்திருந்தால் கீழ்ப்பகுதி சேறாகிவிடும். அதற்கேற்ற காலணி தேவை.