'இன்வேசிவ்' என்றால் என்ன? அமலைச்செடியை வைத்துப் புரிந்துகொள்வோம்

வேளாண் செய்திகளிலும் அரசு அறிவிப்புகளிலும் 'இன்வேசிவ்' என்ற ஆங்கிலச் சொல் அடிக்கடி வருகிறது. தமிழில் இதை 'ஆக்கிரமிப்பு' என்கிறோம். தமிழக அரசு 2022-ல் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் குறித்த கொள்கையையும் வெளியிட்டது. ஆனால் வேகமாகப் பரவும் களை எல்லாம் இன்வேசிவ் அல்ல.

கோரை நம் மண்ணின் களை. களை எடுக்காத வயலில் அது கட்டுக்கடங்காமல் மண்டும். அந்த நிலையைச் சொல்ல 'ராம்பன்ட்' என்ற சொல் போதும். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஆனாலும் நட்ட இடத்தைத் தாண்டிப் பரவித் தொல்லை தருவதில்லை. அவை அயல் பயிர்கள், அவ்வளவுதான். வெளியிலிருந்து வந்து, தானாகப் பரவி, நீரையோ நிலத்தையோ கெடுப்பதுதான் இன்வேசிவ்.

தாமிரபரணியிலும் அதன் கால்வாய்களிலும் குளங்களிலும் மிதக்கும் அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை, இதற்குச் சரியான உதாரணம். இதன் தாயகம் தென் அமெரிக்கா. அங்கே இதைத் தின்று கட்டுப்படுத்தும் பூச்சிகள் உண்டு. இங்கே அவை இயற்கையாக இருக்கவில்லை. அதனால்தான் 1980-களில் நியோகெட்டினா கூன்வண்டுகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். சாக்கடை கலந்து சத்து மிகுந்த நீரில் இச்செடி இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். மதகிலும் மடையிலும் அடைத்துக்கொண்டால், பிசானத்துக்குத் திறந்த தண்ணீர் கடைமடை வயலுக்கு வந்து சேராது.

இந்த வித்தியாசம் தெரிந்தால் செய்யும் வேலையும் மாறும். கோரையை உங்கள் வயலில் மட்டும் கட்டுப்படுத்தினால் ஓரளவு பலன் கிடைக்கும். அமலையை உங்கள் மடையில் மட்டும் அள்ளினால், மேல்மடையில் மிச்சமிருக்கும் செடி மிதந்து வந்து மறுபடியும் நிரப்பிவிடும். எனவே,

* கால்வாயின் தலைப்பகுதியிலிருந்து கீழ்நோக்கி, எல்லா விவசாயிகளும் சேர்ந்து ஒரே சமயத்தில் அகற்றுங்கள்.
* பூப்பதற்கு முன்பே அள்ளுங்கள். விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.
* தண்ணீர் வற்றிய சேற்றில் விதை முளைக்கும். மீண்டும் தண்ணீர் திறக்கும் முன் நாற்றுகளைப் பிடுங்கிவிடுங்கள்.
* அள்ளியதைக் கரையோரம் போடாதீர்கள். மழையில் திரும்ப உள்ளே போய்விடும். மேட்டில் உலர்த்தி, நறுக்கி, சாணத்துடன் அடுக்கி மட்கவிடலாம். ஆலைக்கழிவு கலக்கும் இடத்தில் எடுத்த செடியை உரமாக்க வேண்டாம்.
* பாசனக் கால்வாயில் 2,4-டி போன்ற களைக்கொல்லியைத் தெளிக்காதீர்கள். பருத்தி, உளுந்து போன்ற அகன்ற இலைப் பயிர்கள் கருகிவிடும்.

இனி ஒரு செடியை இன்வேசிவ் என்று படித்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வெளியிலிருந்து வந்ததா? ஆள் நடாமலே பரவுகிறதா? நீருக்கும் நிலத்துக்கும் கேடு செய்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால், அது ஒரு வயலின் பிரச்சினை அல்ல, ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை.